அடுத்த வீட்டுக் குழாயை மூடுகிறவர்

உலகத்தில் தண்ணீரைக் குடிக்கிறவர்கள் இருக்கிறார்கள், தண்ணீரை விற்கிறவர்கள் இருக்கிறார்கள், தண்ணீருக்காகக் குடத்தைத் தூக்கிக்கொண்டு சண்டைக்குப் போகிறவர்களும் இருக்கிறார்கள். இந்த மூன்றிலும் சேராத நான்காவது இனம் ஒன்று உண்டு. அது அடுத்தவருடைய தண்ணீரைச் சேமிக்கிற இனம்.

பார்த்ததில்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். கல்யாண மண்டபத்தில் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவப் போகிறீர்கள். விரலிடுக்கில் ரசம், மணிக்கட்டு வரை சோப்பு நுரை, கண்ணாடியில் உங்கள் முகத்தை நீங்களே ஒரு திருப்தியோடு பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். அப்போது உங்கள் தோளுக்குப் பின்னாலிருந்து ஒரு கை நீண்டு வந்து குழாயை மூடும். திரும்பினால் ஒரு சிரித்த முகம். “நுரை போடறப்ப தண்ணி எதுக்குங்க?” என்று கேட்கும். நீங்கள் வெட்கப்பட்டு நிற்பீர்கள். நுரை காய்ந்து கையில் ஒட்டும். அவர் அடுத்த குழாய்க்குப் போய்விட்டிருப்பார்.

அவர்தான்.

நான் பாப்பாரப்பட்டி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். கூடவே மனு டைப் அடித்துக் கொடுப்பதும் உண்டு. இந்த இனத்துக்கு மனு என்பது மீனுக்குத் தண்ணீர் மாதிரி. ஆகவே இவர்களை ரொம்பப் பக்கத்திலிருந்து பார்க்கும் பாக்கியம் எனக்குக் கிடைத்தது. பலரைப் பார்த்திருக்கிறேன் என்றாலும், இனத்தின் எல்லா லட்சணமும் ஒரே ஆளிடம் பொருந்தி வந்தது மாதவராஜ் சாரிடம்தான்.

மாதவராஜ் சார் இன்சூரன்ஸ் கம்பெனியில் டெவலப்மெண்ட் ஆபீசராக இருந்து ரிட்டயர் ஆனவர். முப்பது வருஷம் மனிதர்களிடம் அவர்களுடைய சாவைப் பற்றிச் சிரித்த முகத்தோடு பேசிப் பழகியவருக்கு, பூமியின் சாவைப் பற்றிப் பேசுவது ஒன்றும் கஷ்டமாக இல்லை. டீக்கடைக்கு வரும்போது சொந்த டம்ளர் கொண்டுவருவார், கடைக்காரர் அந்த டம்ளரைக் கழுவ இரண்டு டம்ளர் தண்ணீர் செலவழிப்பார், அது கணக்கில் வராது. எழவு வீட்டுக்குப் போனால் மாலைக்குப் பதில் ஒரு மரக்கன்றை வைத்துவிட்டு, இறந்தவருக்கு எத்தனை கிலோ விறகு ஆகும் என்று மகனிடம் மெதுவாக விசாரிப்பார். தெருக்குழாய் சொட்டினால் மனு, சருகை எரித்தால் மனு, ஓட்டலில் வாழையிலைக்குப் பதில் பாலிதீன் தாளைப் போட்டால் மனு. “மரங்களைக் காப்பாற்றுங்கள்” என்று அவர் கொடுத்த மனு மட்டும் என் கம்ப்யூட்டரில் பதினான்கு இருக்கிறது. ஒவ்வொன்றும் பதினோரு பிரதி, அதுவும் தாளின் ஒரு பக்கத்தில் மட்டும்.

“ரெண்டு பக்கமும் அடிச்சா பாதித் தாள் மிச்சங்க சார்,” என்று ஒருதரம் சொன்னேன்.

“பின்பக்கம் அடிச்சா ஆபீசர் மதிக்கமாட்டாருங்க,” என்றார்.

அவருடைய வீட்டில் எப்படி என்று கேட்கிறீர்களா? அவர் மனைவி ஜானகியம்மாள் ஒருநாள் ரேஷன் கார்டு ஜெராக்ஸ் எடுக்க வந்தபோது தானாகவே சொன்னார்: “அவரு ஊருல மிச்சம் புடிக்கிற தண்ணியெல்லாம் எங்க வூட்டுலதாங்க செலவாவுது.” வீட்டில் ஷவர் உண்டு, கழுத்து வலிக்கு டாக்டர் சொன்னதாம். புல்தரை உண்டு, கண்ணுக்குக் குளிர்ச்சி. போர் இரண்டு. முதல் போர் எண்ணூறு அடியில் வற்றிப்போனதும் இரண்டாவதை ஆயிரத்து நூறு அடிக்கு இறக்கினார். கூட்டத்துக்குக் கூட்டம், “நிலத்தடி நீர் ஆயிரம் அடிக்குப் போயிருச்சுங்க, யாராச்சும் கவலைப்படறீங்களா?” என்று கேட்பார். அவ்வளவு சரியாக அவருக்கு எப்படித் தெரியும்? நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்தவர் அவர்தானே.

இதையெல்லாம் வைத்து அவரைப் போலி என்று நினைத்துவிடாதீர்கள். போலியாக இருந்தால் நமக்கு வேலை சுலபம். மனிதர் நிஜமாகவே நம்பினார், அதுதான் சங்கடம்.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால், எங்கள் ஊருக்கு மேற்கே தாசன்கொட்டாயில் அவர் ஒன்றரை ஏக்கர் வாங்கினார். கரட்டுக் குன்றின் சரிவுக்குக் கீழே நல்ல பூமி. முன்பக்கம் வீடு கட்டிக்கொண்டார். பின்பக்கம் நிலத்துக்கு நடுவில் ஒரு பள்ளம் நீளமாக ஓடியது. அது ஏன் அங்கே இருக்கிறது என்று அவர் யாரையும் கேட்கவில்லை. பள்ளத்தைப் பார்த்தால் நிரப்பவேண்டும் என்பதுதானே படித்தவர்களுக்கு வருகிற முதல் யோசனை. கீழே இருந்த தாசன்கொட்டாய் ஏரியிலிருந்து, முறையாக அனுமதி வாங்கி, நாற்பது டிராக்டர் வண்டல் மண் கொண்டுவந்து கொட்டிச் சமமாக்கினார். மேல்பக்க வேலியோரம் மண் சரியாமலிருக்க உயரமாக ஒரு கரையும் போட்டார். சமமாக்கிய மண்ணில் முந்நூறு கன்று நட்டார். புங்கன், நாவல், வேம்பு, நீர்மருது என்று தேடித் தேடி நட்டார். சொட்டு நீர் போட்டார். காட்டின் முகப்பில் பச்சை எழுத்தில் பலகை வைத்தார்: “இங்கே ஒரு காடு வளர்கிறது.”

வளர்ந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகளை வேனில் கூட்டிவந்து காட்டுவார்கள். நடு வரிசையில் இருந்த ஒரு நாவல் கன்றை முதல் வருஷம் ஆடு கடித்துவிட்டது. மனிதர் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. சாணியைக் குழைத்துப் பூசி, துணி சுற்றி, அதைப் பிழைக்க வைத்தார். இது ஜானகியம்மாள் சொன்னது. அவர் தன் புருஷனைப் பற்றி நல்லதாகச் சொன்ன இரண்டு விஷயங்களில் ஒன்று.

காடு வளர்ந்தது, ஏரி வறண்டது.

முதல் வருஷம் மழை குறைவு என்றார்கள். இரண்டாம் வருஷம் வெயில் அதிகம் என்றார்கள். அதற்குப்பிறகு நல்ல மழை பெய்த வருஷங்களிலும் ஏரிக்குள் மாடுதான் மேய்ந்தது. மாதவராஜ் சார் காரணம் தேடிப் புறப்பட்டார். காடழிப்பில் தேடினார், கார்பனில் தேடினார், துருவத்தில் பனி உருகுவது வரைக்கும் போய்த் தேடினார். தன் வேலிக்குள் மட்டும் எட்டிப் பார்க்கவில்லை.

சொல்ல ஆளில்லாமல் இல்லை. ஏரிக்குக் கீழே ஒரு ஏக்கர் வைத்திருந்த ராமக்கா சொன்னார். ஏரியில் தண்ணீர் நின்ற காலத்தில் அவர் கிணறு வற்றாது. கேழ்வரகு போடுவார், தக்காளி போட்டுப் பாலக்கோடு மார்க்கெட்டுக்கு அனுப்புவார். கிணறு காய்ந்தபிறகு சொந்த நிலத்தைக் கரம்பாகப் போட்டுவிட்டு, மற்றவர்கள் தோட்டத்தில் தக்காளி பறிக்கப் போய்க்கொண்டிருந்தார். என் கடையில் ஆதார் நகல் எடுக்க வந்த இடத்தில், மனுவோடு நின்ற சாரைப் பார்த்தார்.

“சார், உங்க காட்டுக்கு அடியிலதாங்க ஏரிக்கு வர்ற வாய்க்கா போவுது. நீங்க அதத் தூத்துட்டீங்க. தண்ணி எப்புடி வரும்?”

சார் பொறுமையாகச் சிரித்தார். அறியாதவர்களிடம் சிரிப்பதற்கென்றே ஒரு சிரிப்பு வைத்திருப்பார்.

“ராமக்கா, இது நம்ம ஊர் சமாச்சாரமே இல்ல. இது எல் நினோ.”

“அவரு யாருங்க?”

“ஆள் இல்லம்மா. பசிபிக் கடல்ல தண்ணி சூடாவுது. அதனால நம்ம ஏரி காயுது.”

ராமக்கா ஆதார் நகலை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். “அவரும் வாய்க்காலத் தூத்துட்டாருங்களா?” என்று கேட்டார்.

நான் மெஷினுக்குள் தாள் சிக்கிய மாதிரிக் குனிந்துகொண்டேன்.

போன வருஷம் புரட்டாசியில் கொட்டித் தீர்த்தது. அப்போதும் ஏரிக்குப் பொட்டுத் தண்ணீர் வரவில்லை. அதன்பிறகுதான் சாருக்கு ஞானம் வந்தது, ஆக்கிரமிப்பு. யாரோ வாய்க்காலை அடைத்திருக்கிறார்கள். யார்? ரோட்டிலிருந்து பார்த்தால் கண்ணில் படுகிற இடத்தில், அவர் நிலத்துக்கு மேல்புறம், மாது என்பவரின் மாட்டுக்கொட்டகை இருந்தது. தகரக் கூரை, நாலு கால், இரண்டு பசு, ஒரு கன்றுக்குட்டி. மாது பால் ஊற்றிப் பிழைக்கிற மனிதர். ஆக்கிரமிப்பாளர் என்ற வார்த்தைக்குக் கொட்டகை எவ்வளவு பொருத்தமாக இருக்கிறது பாருங்கள். காடு பொருந்துமா?

அந்த மனுவை நான்தான் அடித்தேன். “நீர்வழிப் பாதையை மறித்து மாட்டுக்கொட்டகை அமைத்துள்ள மாது என்பவர்மீது தயவு தாட்சண்யமின்றி நடவடிக்கை எடுக்கவும், வாய்க்காலின் முழு நீளத்தையும் அளந்து, எவராக இருந்தாலும் ஆக்கிரமிப்பை அகற்றவும்.” ‘எவராக இருந்தாலும்’ என்பதைத் தடித்த எழுத்தில் போடச் சொன்னார். போட்டேன். அடிக்கோடும் போடச் சொன்னார். அதையும் போட்டேன். ராமக்கா சொன்னது என் காதிலும்தானே விழுந்திருந்தது, ஏன் வாயைத் திறக்கவில்லை என்று நீங்கள் கேட்கலாம். கடைக்காரன் வாடிக்கையாளரின் மனுவில் கருத்துச் சொன்னால் கடை நடக்குமா? அடித்தேன், பதினோரு பிரதி எடுத்தேன், கொடுத்தேன்.

ஐப்பசி பிறந்து மூன்றாம் நாள் சர்வேயர் வந்தார். தேவிப்பிரியா என்று பெயர், சின்ன வயது, தலையில் தொப்பி, கையில் வரைபடம். அளக்கும் சங்கிலியைப் பிடிக்க ஒருவர் கூட வந்திருந்தார். மனுதாரர் என்ற முறையில் சார் வெள்ளை வேட்டியில் முன்னால் நின்றார். சாட்சிக்கு என்னையும் இழுத்து வந்திருந்தார். மாது கன்றின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். கொட்டகை போனால் மழைக்காலத்தில் மாடுகளை எங்கே கட்டுவது என்பது அவர் முகத்தில் எழுதியிருந்தது. செய்தி கேள்விப்பட்டு ராமக்காவும் வந்து ஓரமாக நின்றார்.

கொட்டகையை அளந்தார்கள். மூன்று கால் வாய்க்காலுக்கு வெளியே. ஒரே ஒரு கால் மட்டும் ஒன்றரை அடி உள்ளே.

“ஒன்றரை அடின்னாலும் ஆக்கிரமிப்பு ஆக்கிரமிப்புதானுங்களே மேடம்?” என்றார் சார்.

“ஆமாங்க சார்,” என்று எழுதிக்கொண்டார் தேவிப்பிரியா. பிறகு வரைபடத்தைப் பார்த்துக்கொண்டே கீழ்ப்பக்கமாக நடக்கத் தொடங்கினார்.

“மேடம், அவ்வளவுதாங்க. அந்தப் பக்கம் ஒண்ணும் இல்ல.”

“முழு நீளமும் அளக்கச் சொல்லி மனுவுல இருக்குதுங்க சார். கொட்டை எழுத்துல இருக்குது.”

சங்கிலி வேலிக்கு அடியில் நுழைந்தது. புங்கனைத் தாண்டியது, நாவலைத் தாண்டியது, வேம்பைத் தாண்டியது. கடைசியில் காட்டின் முகப்புக்கு வந்து, “இங்கே ஒரு காடு வளர்கிறது” என்ற பலகையின் காலுக்கு நேராக நின்றது. வாய்க்காலின் அகலத்துக்குச் சரியான நடுமையம் அதுதான். சங்கிலிக்காரர் பலகைக்குப் பக்கத்தில் அடையாளக் கல்லை வைத்தார்.

“நூத்திப்பத்து மீட்டர் நீளம். ஆறு மீட்டர் அகலம். முழுசா தூத்து மரம் வெச்சிருக்காங்க,” என்று தனக்குத்தானே சொல்லி எழுதிய தேவிப்பிரியா தலை நிமிர்ந்தார். “இந்தக் காடு யாரோடதுங்க?”

தூரத்தில் மாதுவின் பசு வாலை வீசியது.

“என்னோடதுங்க,” என்றார் சார். குரல் இன்சூரன்ஸ் குரலாக இல்லை.

“அப்ப மனு குடுத்த மாதவராஜ்?”

“அதுவும் நான்தாங்க.”

அந்தப் பெண் தாளைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார். சிரித்திருக்கலாம், ஆனால் சிரிக்கவில்லை. நல்ல உத்தியோகஸ்தர்.

“அப்ப ரெண்டு எடத்துல கையெழுத்துப் போடுங்க சார். மனுதாரர்ங்கற எடத்துல ஒண்ணு. ஆக்கிரமிப்புதாரர்ங்கற எடத்துல ஒண்ணு.”

அதற்குப்பிறகு மூன்று நாள் பாப்பாரப்பட்டியில் குழாய்கள் அவற்றின் இஷ்டத்துக்குச் சொட்டின. டீக்கடையில் சொந்த டம்ளர் இல்லை. ஒரு காதுகுத்து விருந்தில் ஜனங்கள் நுரையோடும் தண்ணீரோடும் சுதந்திரமாகக் கை கழுவினார்கள். சார் வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. காட்டுக்குள் போய் மரம் மரமாகத் தொட்டுக்கொண்டு நடப்பதாக ஜானகியம்மாள் சொன்னார்.

நாலாம் நாள் மத்தியானம் கடைக்கு வந்தார். மழை மூட்டம் போட்டிருந்தது. கையில் அவரே எழுதிய நாலு பக்கம். அடிக்கத் தொடங்கினேன். “ஐயா, மேற்படி மனுதாரர் கள நிலவரம் அறியாமலும், விளம்பர நோக்கத்துடனும் அளித்துள்ள மனுவை நம்பி, முந்நூறு மரங்களை அழிக்கும் முயற்சியைத் தடுத்து நிறுத்துமாறு…”

கையை எடுத்துவிட்டேன்.

“சார், மேற்படி மனுதாரர்னா நீங்கதானுங்களே?”

“அன்னிக்கு மனுதாரர். இப்ப நான் எதிர்மனுதாரருங்க.”

“அவருக்கு விளம்பர நோக்கம்னு போட்டிருக்கீங்க.”

“இருந்துச்சுல்ல,” என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன். அவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அந்த நாவல் இந்த வருஷம்தாங்க மொதமொத பூ வுட்டுச்சு,” என்றார். பிறகு, “ராமக்கா சொன்னப்பவே எனக்கு லேசா உறுத்துச்சு. காடு நல்லா வந்துருச்சுல்ல, அதான் கேக்காத மாதிரி இருந்துட்டேன்,” என்றார். அதை அடிக்கச் சொல்லவில்லை. நானும் அடிக்கவில்லை.

அப்போதுதான் மழை பிடித்தது. பஸ் ஸ்டாண்டு கண்ணுக்குத் தெரியவில்லை. ஒருமணி நேரம் விடாமல் அடித்தது. கரண்ட் போனது, மனு பாதியில் நின்றது. அவருடைய போன் அடித்தது. ஜானகியம்மாள் பேசினால் அடுத்த கடைக்கும் கேட்கும்.

“எப்பவும் ரெண்டு பக்கமும் பிரிஞ்சு ஓடிடற கரட்டுத் தண்ணி இன்னிக்குப் பூராவும் நம்ம கரையில முட்டிட்டு மேல ஏறுதுங்க. மாது கொட்டாயிக்குள்ள போயிருச்சு. மாடு முட்டிக்கால் தண்ணியில நிக்குது. நீங்க மனுவ அடிச்சு முடிச்சுட்டு வர்றீங்களா, இல்ல இப்பவே வர்றீங்களா?”

என் வண்டியில் போனோம். நனைந்தோம்.

கொட்டகை இருந்த இடத்தில் செம்மண் குளம் ஒன்று நின்றது. மாது இரண்டு பசுவையும் ரோட்டு மேட்டுக்கு ஏற்றிக் கட்டிவிட்டு, கன்றைத் தோளில் போட்டுக்கொண்டு தண்ணீருக்குள்ளிருந்து வந்துகொண்டிருந்தார். தீவனமூட்டைகள் மிதந்தன. தண்ணீர் சாரின் கரையைத் தாண்டச் சும்மா ஒரு சாண்தான் மிச்சம். கரைக்கு அந்தப்பக்கம் காடு பச்சையாக, காலில் ஈரம் படாமல், நின்றுகொண்டிருந்தது. வேலிக்குப் பக்கத்தில் ராமக்கா மண்வெட்டியோடு நின்றார்.

“கையில மம்முட்டிய வெச்சுட்டு ஏம்மா நிக்கிறீங்க? வெட்டி வுடக்கூடாதா?” என்று கத்தினேன்.

“அடுத்தவங்க எடம். கேக்காம எப்புடிங்க வெட்டறது?” என்றார் ராமக்கா.

“நீங்களாச்சும் வெட்டியிருக்கலாமே மாது.”

மாது கன்றை இறக்கிவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டார். “ஏற்கனவே எம்மேல ஒரு மனு இருக்குதுங்க. இன்னொண்ணு வேணாம்னுதான்.”

அதில் குத்தல் இருந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. மாதவராஜ் சார் செருப்பைக் கழற்றினார். வேட்டியை மடித்துக் கட்டினார். ராமக்காவின் கையிலிருந்து மண்வெட்டியை வாங்கிக் கரைமேல் ஏறினார். பார்க்கச் சகிக்காத வெட்டு. பாதி மண் அவர்மேலேயே விழுந்தது.

“அங்க இல்லீங்க சார். இங்க, நடுவால. நடு வரிசை மட்டும் போவட்டும். ரெண்டு பக்கமும் இருக்கற மரம் நின்னுக்கும்,” என்றார் ராமக்கா.

நடு வரிசையில்தான் நாவல் இருந்தது. சார் அதை ஒருதரம் பார்த்தார். பிறகு ராமக்கா காட்டிய இடத்தில் வெட்டினார். மாது கடப்பாரை கொண்டுவந்தார். நானும் ஒரு தட்டை எடுத்துக்கொண்டு மண் அள்ளினேன், பெரிய உபகாரம் என்று சொல்லமுடியாது. ஒரு முழ அகலம் திறந்தது. அதற்குமேல் யாரும் வெட்டத் தேவைப்படவில்லை. தண்ணீர் மிச்சக் கரையைத் தானே தின்றுகொண்டு உள்ளே நுழைந்தது. நாற்பது டிராக்டர் வண்டலும் கரைந்து, வந்த ஏரிக்கே திரும்பிப் போகத் தொடங்கியது. நடு வரிசை மரங்கள் ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. நாவல் கொஞ்சநேரம் தாக்குப்பிடித்தது. பிறகு வேரோடு எழுந்து, நின்றவாக்கிலேயே சற்று தூரம் போய், படுத்துக்கொண்டது. பச்சைப் பலகையும் அதன் பின்னால் போனது.

சார் சேறும் சகதியுமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கண்ணெதிரே இவ்வளவு தண்ணீர் ஓடியும் அவர் எதையும் மூடப் போகாததை நான் பார்த்தது அன்றைக்குத்தான். ஜானகியம்மாள் ஒரு துண்டைக் கொண்டுவந்து அவர் தலையில் போட்டார். கரையை வெட்டியதுதான் சார் செய்த இரண்டாவது நல்ல காரியம் என்று ஜானகியம்மாள் பிற்பாடு என்னிடம் சொன்னார்.

பொழுது சாய்வதற்குள் ஏரியின் நடுப்பள்ளத்தில் தண்ணீர் மின்னியது. கார்த்திகை பாதிக்குள் மதகு வரைக்கும் வந்தது. நிரம்பி வழியவில்லை, கதையென்றால் வழிந்திருக்கும். ஆனால் ராமக்காவின் கிணற்றில் பத்துப் படிக்கட்டு முழுகியது. அவர் தக்காளி பறிக்கப் போவதை நிறுத்திவிட்டு, தன் கரம்பை உழுது கேழ்வரகு போட்டார். மாது கொட்டகைக் காலை ஒன்றரை அடி தள்ளி நட்டுக்கொண்டார். தேவிப்பிரியா மறுபடி வந்து பார்த்துவிட்டு, எல்லைக்கல் நட்டு, கோப்பை மூடினார். முந்நூறு மரத்தில் போனது இருபத்தாறு. மிச்சம் நின்றவை வாய்க்கால் ஈரத்தைக் குடித்து மதமதவென்று வளர்கின்றன. சொட்டு நீரையே நிறுத்திவிட்டார்கள். பாதியில் நின்ற எதிர்மனுவை, அவர் கேட்காமலேயே, நான் அழித்துவிட்டேன்.

மனிதர் மாறிவிட்டார் என்று முடித்தால் உங்களுக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி. ஆனால் இனம் மாறுமா?

மார்கழி தொடக்கத்தில் ஏரிக்கரையில் ஒரு சின்ன விழா. ஏற்பாடு யார் என்று சொல்லவேண்டியதில்லை. மைக்கைப் பிடித்து மாதவராஜ் சார் பேசினார்: “இந்த வாய்க்காலை எட்டு வருஷமா ஒருத்தர் அடைச்சு வெச்சிருந்தாருங்க. நல்ல மனுஷர்தான், அறியாமை. நான் விடல. மனு குடுத்தேன். அளக்க வெச்சேன். அந்த மழையில, அவர்கூடவே நின்னு, அவரு மனசை மாத்தி, அவரு கையாலயே கரையை வெட்ட வெச்சேன். அவரு பேர இங்க சொல்ல விரும்பலீங்க.”

மாது கைதட்டினார். எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ராமக்கா என் பக்கம் சாய்ந்து, “பேர் சொல்லாட்டியும், அந்த மனசு மாறுன ஆளு நல்ல ஆளுதானுங்க,” என்றார். விளையாட்டுக்குச் சொன்னதாகத் தெரியவில்லை.

இந்தச் சித்திரத்தை எழுதி முடித்ததும், நியாயம் என்று ஒன்று இருக்கிறதே, முதலில் மாதவராஜ் சாரிடம்தான் படிக்கக் கொடுத்தேன். பெயர்களை மட்டும் அப்போது மாற்றியிருந்தேன். என்ன ஆகுமோ என்று டேபிளுக்கு அந்தப்பக்கம் நின்றுகொண்டேன். அவர் படித்தார், சிரித்தார், சில இடங்களில் தொடையைத் தட்டிச் சிரித்தார், கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“அச்சு அசலா நம்ம பூபதிதாங்க இது. அந்த அரிசி மில்லுக்காரர். அவருக்கு ஒண்ணு அனுப்புங்க. திருந்தட்டும்,” என்றார்.

பூபதிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். அவர் வயிறு வலிக்கச் சிரித்ததாகவும், பாலக்கோட்டில் இருக்கும் தன் சகலைக்கு உடனே அனுப்பிவிட்டதாகவும் பதில் போட்டார். சகலை தன் மேலதிகாரிக்கு அனுப்பினார். அதற்குப்பிறகு எனக்குத் தடம் தெரியவில்லை. ஆனால் ஐந்தாம் நாள் காலை என் போனுக்கே அது வந்து சேர்ந்தது. அனுப்பியவர் என் வீட்டுக்காரி சுமித்ரா. கீழே ஒரே ஒரு வார்த்தை எழுதியிருந்தார்: “படிங்க.”

எனக்கு இன்னும் அதற்கு அர்த்தம் புரியவில்லை. கேட்கவும் தைரியம் வரவில்லை.

அது கிடக்கட்டும். படித்துக்கொண்டு வரும்போதே இதை யாருக்கு அனுப்பலாம் என்று உங்களுக்கும் ஒரு முகம் தோன்றியிருக்கும். தாராளமாக அனுப்புங்கள். அதற்குமுன் ஒரே ஒரு நிமிஷம் யோசித்துப் பாருங்கள், இதை உங்களிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னவர் யார்?